குஞ்சப்பனையில் விழுங்கும் மாத்திரை

நீலகிரியில் யானைக்குக் கணக்கெடுப்பு உண்டு. புலிக்கு உண்டு. வரையாட்டுக்குக்கூட ஆண்டுதோறும் பைனாகுலரோடு ஆள் அனுப்பி எண்ணுகிறார்கள். எந்தக் கணக்கெடுப்பிலும் இதுவரை சேராத ஓர் உயிரினம் இந்த மலையில் ஏராளமாக வாழ்கிறது. அதைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த பேக்கரி வாசலிலாவது காலையில் சற்று நேரம் நின்றால் போதும். கழுத்தில் மப்ளர், தலையில் குரங்குக் குல்லா, ஸ்வெட்டருக்குள் அடங்க மறுக்கும் வயிறு, ஒரு கையில் டீ, மறு கையில் வர்க்கி. வயது நாற்பத்தைந்துக்கு மேல், அறுபதுக்குக் கீழ். பனிமூட்டத்தில் உருவம் தெரியாவிட்டால் குரலை வைத்துக் கண்டுகொள்ளலாம். "நமக்கெல்லாம் ஒண்ணும் வராதுங்க" என்று கூவும்.

இந்த இனத்துக்கு ஒண்ணும்வராதார் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

சமவெளியிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். ஆனால் சமவெளிக்காரருக்கு இருப்பது வெறும் அசட்டுத் தைரியம். மலைக்காரருக்கு இருப்பது சித்தாந்தம். அதைக் கேட்டுத் தெளிய வேண்டுமென்றால் தரணிதரனிடம்தான் போக வேண்டும்.

தரணிதரன் கோத்தகிரியில் உரக்கடை வைத்திருப்பவர். இளவட்டமாக இருந்தபோது அன்னூரிலிருந்து அண்ணன் கருப்புசாமியோடு மலையேறி வந்து, சிறு தேயிலை விவசாயிகளுக்கு யூரியாவும் பொட்டாஷும் மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரும் விற்று, அண்ணனுக்கு ஒன்று தனக்கு ஒன்று என்று ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடு கட்டியவர். வயது ஐம்பத்திரண்டு. அவருடைய சித்தாந்தத்துக்கு இரண்டே வாக்கியம் போதும்.

"ஃப்ரிட்ஜுல வெச்ச காய் கெடுமாங்க? நாம ஃப்ரிட்ஜுக்குள்ளயே குடியிருக்கறோம்."

பேக்கரியில் அவர் பக்கத்தில் நிற்கும் பாண்டியன், எஸ்டேட் ஆபீசில் கிளார்க், உடனே இதற்கு விளக்கவுரை சொல்வார். "கேரட்டப் பாருங்க. இங்க மண்ணுல கெடக்கற வரைக்கும் ஜம்முனு கெடக்குது. லாரியில ஏத்தி மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறக்கினா அழுக ஆரம்பிச்சிருது. மனுசனும் அப்படித்தானுங்க."

"அதே," என்பார் தரணிதரன், மூன்றாவது வர்க்கியை டீயில் முக்கியபடி.

கேரட் வர்க்கி தின்பதில்லை, சிகரெட் பிடிப்பதில்லை என்று அங்கே யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொல்லக்கூடியவர்கள் வாயிலும் வர்க்கி இருக்கிறது.

இந்த இனத்தின் அகராதியில் ஒரே ஒரு சொல்தான் உண்டு: குளிருக்கு. விடிந்ததும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ எதற்கு? குளிருக்கு. கடை திறந்த கையோடு இரண்டாவது டீயும் எண்ணெய் சொட்டும் மிளகாய் பஜ்ஜியும், மத்தியானம் குவித்துப் போட்ட சோறும் அதன் தலையில் நெய்யும், சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் கடையின் உள்ளறையில் உரமூட்டை மேல் கம்பளி விரித்து ஒரு தூக்கமும், எழுந்ததும் ஒரு சிகரெட்டும், ஷட்டரை இறக்கியபின் ஜீப்புக்குள்ளேயே உட்கார்ந்து பாண்டியனோடு "மருந்து மாதிரி" கொஞ்சம் பிராந்தியும், அந்த மருந்துக்குத் துணையாக வறுத்த கோழியும், அத்தனையும் குளிருக்கு. குளிருக்காக அவர் இத்தனை பாடுபட்டும் குளிர் ஒரு நன்றி சொன்னதில்லை. ஏப்ரல் மாதத்தில், கீழேயிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள் அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு திரியும்போதும் தரணிதரனுக்குக் குளிர்கிறது.

நடப்பாரா? வீட்டுக்கும் கடைக்கும் நடுவே இரண்டே வளைவு. அதுவும் இறக்கம். ஜீப்பை ஸ்டார்ட் செய்து, சூடேற்றி, ரிவர்ஸ் எடுத்து, கடை வாசலில் இடம் தேடி நிறுத்துவதற்குள் நடந்து போனவர் போய்ச் சேர்ந்து சாமிக்கு ஊதுபத்தியும் கொளுத்தியிருப்பார். ஆனாலும் ஜீப்தான். மனைவி சுமலதா ஒருமுறை கேட்டாள்.

"ஏனுங்க, கடைக்கு நடந்து போனா என்னங்க? கூப்புடு தூரம்."

"கரடி சுத்துதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"அந்த வழியாத்தானுங்க நான் பாலுக்குப் போய்ட்டு வர்றேன்."

"உன்னையக் கண்டா கரடி ஓடிரும்."

அதே வழியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிறார்கள், கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையோடு போகிறார்கள், பால்காரர் விடியுமுன்பே போகிறார். உரக்கடை முதலாளிகள் மேல் மட்டும் அந்தக் கரடிக்கு என்ன பகையோ.

இனி மாத்திரைக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் காரமடையில் ஒரு கல்யாணம். சித்திரை வெயில், பட்டு வேட்டி, இலையில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிய பாயசம். கை கழுவப் போன இடத்தில் தரணிதரனுக்குத் தலை சுற்றியது. பக்கத்துக் கிளினிக்கில் பார்த்த டாக்டர், பிரஷர் அதிகம், தினமும் ஒரு மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார். இதிலிருந்து நீங்களும் நானும் என்ன முடிவுக்கு வருவோம்? தரணிதரன் வேறு முடிவுக்கு வந்தார். வியாதி காரமடையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே அது காரமடை வியாதி.

மாத்திரை அட்டை ஜீப் டேஷ்போர்டில் குடியேறியது. கீழே இறங்க வேண்டிய வேலை வந்தால், மேட்டுப்பாளையம் ரோட்டில் பாதி மலை இறங்கி, குஞ்சப்பனையில் ஒரு டீக்கடை ஓரம் ஜீப்பை நிறுத்துவார். இதற்குக் கீழே காற்று சூடு. இதற்குக் கீழே ரத்தம் கொதிக்கும். பலாப்பழ சீசன் என்றால் நான்கு சுளை, இல்லையென்றால் இரண்டு பருப்பு வடை; அதன்மேல் ஒரு மாத்திரை. கோயிலுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றுபவரின் பக்தி அதில் இருக்கும். திரும்பி வரும்போது அதே இடத்தைக் கடந்ததும் கண்ணாடியை இறக்கி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "அவ்வளவுதான், இனி நம்ம ஏரியா" என்பார். சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிற மலை இது. பாஸ் இல்லாத பிரஷர் எப்படி மேலே வரும்? மாதம் இரண்டு முறை கீழே போகிறவருக்கு ஓர் அட்டை மாத்திரை எத்தனை காலம் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையில் அச்சடித்த காலாவதி மாதம் அவருக்கு முன்பே மலையிறங்கிப் போய்விட்டது.

இதையெல்லாம் பார்த்து நாம் சிரிக்கலாம். சுமலதாவால் முடியவில்லை. காரணம், காம்பவுண்டின் அந்தப் பக்கத்து வீடு.

கருப்புசாமிக்கு அறுபத்தாறு வயது. தன் ஐம்பதுகளில் இதே பேக்கரியில் இதே இடத்தில் நின்று இதே வாக்கியத்தைச் சொன்னவர் அவர். தம்பி வாங்கிக்கொண்டது மப்ளரை மட்டுமல்ல. ஒரு காலத்தில் தேயிலை இலையைத் திருப்பிப் பார்த்தே எந்த ஊர்ச் சரிவில் பறித்தது, என்ன உரம் போதவில்லை என்று சொல்லிவிடுவார். இப்போது வாசலில் வெயில் விழும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "கடையத் தொறந்தாச்சா?" என்று கேட்பார். தொறந்தாச்சுங்க மாமா என்பாள் சுமலதா. தலையாட்டுவார். துணியை உதறிக் கம்பியில் போடுவதற்குள் மறுபடி கேட்பார்.

அவர் மனைவி வேலாமணி. நாற்பது வருடமாக அவளை "ஏ புள்ள", "இந்தா" என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அது. ஒருநாள் சோற்றுத் தட்டோடு வந்து நின்றவளை நிமிர்ந்து பார்த்து, ஒறம்பரையாக வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோலக் கருப்புசாமி கேட்டார்.

"ஏனுங்க, நீங்க யாருங்க? எங்கூட்டுக்காரி எங்கீங்க போனா?"

வேலாமணி சுமலதாவைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியா சுமா. கண்ணாலம் கட்டி இத்தன வருசத்துல இப்பத்தான் எனக்கு 'ங்க' போட்டுப் பேசறாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்தபடி அவர் தாடையில் வழிந்ததைத் துடைத்தாள். தக்காளித் தோல் தொண்டையில் சிக்கும் என்று அவருக்குத் தோலுரித்துப் போடுவது, குளிக்கக் கூப்பிட்டால் வரமாட்டார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொன்னால் வருவார் என்பது, இடது காதில் பேசினால்தான் கேட்கும் என்பது, எல்லாம் வேலாமணிக்குத் தெரியும். அவருக்குத் தன்னைப் பற்றி எதுவும் தெரியாது. அவருடைய ஞாபகம் முழுவதும் இப்போது அவளிடம் இருக்கிறது. பனி இறங்கும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறார் என்று கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டு வாழ்கிறாள். அன்னூரில் சொந்தத் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போய் மூன்று வருடமாகிறது.

சுமலதாவுக்கு வயது நாற்பத்தேழு. துணிக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே பயம்தான். இன்னும் பதினைந்து வருடத்தில் அந்த நாற்காலியில் இவர். அந்தச் சாவி என் கழுத்தில்.

பயத்தை டாக்டரே உறுதி செய்தார். போன வருடம் கருப்புசாமியைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார்கள். ஜீப் ஓட்டியது தரணிதரன்; குஞ்சப்பனையில் நிறுத்தி மாத்திரை போட்டுக்கொண்டது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளைக்குள் போகும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கெட்டிருக்கின்றன என்றார்.

"இது போன வருசம் வந்தது இல்லைங்க. இருபது வருசத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சிருக்கும். கவனிக்காத பிரஷர், சர்க்கரை, சிகரெட், அசைக்காத உடம்பு. அப்ப ஒண்ணுமே பண்ணாத மாதிரிதான் இருக்கும். எல்லாமே நம்ம கையில இருக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்ம கையில இருக்கற பங்கைப் பார்க்க வேண்டிய வயசு நாப்பது, ஐம்பது. அறுபத்தஞ்சுல வந்து நின்னா நான் என்ன பண்றது?" சொல்லிக்கொண்டே அவர் கண் கருப்புசாமியை விட்டுத் தரணிதரனின் வயிற்றில் வந்து நின்றது.

அடுத்த நாள் காலை பேக்கரியில் தரணிதரன் டாக்டரின் தீர்ப்பைத் திருத்தி வாசித்தார்.

"அண்ணன் கோயமுத்தூர்ல மக ஊட்டுல போயி நாலு மாசம் இருந்தாரில்லைங்க? அங்கதான் வெயில் மண்டைக்கு ஏறியிருக்குது."

"கேரட்டு," என்றார் பாண்டியன்.

ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பாவம். மூளைக்கு மட்டும் தரணிதரன் ஏற்பாடு செய்தார். வல்லாரைப் பொடி வாங்கினார். ஊறவைத்த பாதாமை எண்ணி நெய்யில் வறுத்துத் தின்றார். பேப்பரில் வரும் எண் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பினார். கடைக்கு வருகிறவர்களை நிறுத்தி, "உங்க நம்பர் சொல்லட்டுங்களா?" என்று கேட்டு, கட்டபெட்டு முதல் கீழ் கோத்தகிரி வரை எந்த விவசாயியின் போன் நம்பரையும் போனைப் பார்க்காமல் ஒப்பித்தார். உடம்பு கீழ்வீடு, மூளை மாடியில் தனியாகக் குடியிருப்பவர், ஒருவருக்கொருவர் போக்குவரத்து இல்லை என்பது அவருடைய எண்ணம். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் கீழேயிருந்துதான் ஏறுகிறது என்பது இரண்டு வீடு கட்டியவருக்கு மறந்துபோனது.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் வந்தது. சுமலதா கெஞ்சவில்லை. கெஞ்சிப் பார்த்த காலம் முடிந்துவிட்டது. பந்தயம் கட்டினாள்.

"மேல இருந்தா பிரஷர் வராதுங்கறீங்கல்ல. மாத்திர போடாம, இந்தக் குளுருலயே வந்து பாருங்க. நல்லா இருந்துட்டா இனி நான் வாயே தொறக்கல."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா தெனமும் போடோணும். மேலயும் கீழயும்."

தரணிதரன் மப்ளரை இறுக்கிக்கொண்டு கிளம்பினார். சித்தாந்தத்தை நிரூபிக்க இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மண்டபத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் தபித்தாள் என்ற நர்ஸ். ஸ்வெட்டர் கையை மேலே தள்ளச் சொல்லி, பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்தினாள். மிஷின் உறுமி அடங்கியது.

"நூத்தியெழுவதுக்கு நூத்தியாறு காட்டுதுங்கண்ணா."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தரணிதரன் கொஞ்சமும் கலங்கவில்லை.

"இந்த மிஷின் எந்த ஊர்லருந்து வந்துச்சு, சிஸ்டர்?"

"மேட்டுப்பாளையத்துலருந்து. காலையில வேன்ல கொண்டாந்தோம்."

"அதான பாத்தேன். கீழ சூட்டுல கெடந்த மிஷின். ரெண்டு நாள் இங்கயே வெச்சிருந்துட்டு அப்பறம் பாத்தீங்கன்னா சரியாக் காட்டும்."

யாரோ சிரித்தார்கள். சிரிக்காமல் தலையாட்டியவர்கள் அதைவிட அதிகம் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

"நம்பிக்கையில்லைன்னா இவளுக்குப் பாருங்க," என்று சுமலதாவின் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார் தரணிதரன். "இவளுக்கு ஒரு நோவு நொடி கெடையாது. மிஷின் லட்சணம் இப்பத் தெரிஞ்சிரும்."

"எனக்கு எதுக்குங்க," என்றாள் சுமலதா. அதற்குள் பட்டை சுற்றியாகிவிட்டது.

தபித்தாள் எண்ணைப் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. "அக்கா, சித்த நேரம் சாஞ்சு உக்காருங்க. பேச வேண்டாம்," என்றாள். நாலைந்து பேரைப் பார்த்து அனுப்பிவிட்டு வந்து, இன்னொரு கையில் சுற்றினாள். மறுபடி பார்த்தாள்.

"நூத்தியெம்பத்திரெண்டுக்கு நூத்திப்பன்னண்டு."

தரணிதரனின் முகத்தில் அப்போது தெரிந்த மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மனைவியின் எண் தன்னுடையதைவிட அதிகம் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட கணவனை அந்த மண்டபம் இதற்குமுன் கண்டதில்லை. "நான் சொன்னனா இல்லையா? மிஷினே கோளாறு. வா போலாம்."

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர் அப்படித்தான் சொல்வார். ஆச்சரியம் அடுத்து வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் வாயைத் திறந்தாள்.

"காலையிலருந்து டீத்தண்ணிகூடக் குடிக்கல சிஸ்டர். அதான். ராத்திரியும் சரியாத் தூக்கமில்ல. மத்தபடி நாள் பூராவும் ஓடிட்டே இருக்கறேன். எனக்கெல்லாம் ஒண்ணும் வராதுங்க."

கேட்டீர்களா? அதே கூவல். மப்ளர் இல்லை, குல்லா இல்லை, வர்க்கி இல்லை. குரல் மட்டும் அச்சு அசலாக அதே.

"கடசியா எப்பக்கா பாத்தீங்க?" என்றாள் தபித்தாள்.

"கனிஷ்கா வயித்துல இருக்கறப்ப."

"பாப்பா என்ன படிக்கறா?"

"படிச்சு முடிச்சிட்டா. பெங்களூர்ல வேலைக்குப் போறா."

தபித்தாள் சிரிக்கவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து இதைப் பலமுறை கேட்டிருப்பாள் போலிருக்கிறது. டாக்டர் இருந்த பக்கம் கை காட்டினாள். அவர், இன்னும் இரண்டு நாள் அரசு ஆஸ்பத்திரியில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள், இதே மாதிரி இருந்தால் மாத்திரை ஆரம்பித்துவிடலாம், தள்ளிப் போட வேண்டாம் என்றார்.

தரணிதரன் ஜீப்பில் ஏறினார். கரடி. சுமலதா நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டாள்.

அவளைப் பற்றியும் கொஞ்சம் உண்மை பேசுவோம். கணவனைக் கேலி செய்கிற கையோடு மனைவிக்குப் பொட்டு வைத்துச் சாமியாக்கி மாடத்தில் நிறுத்திவிடுவது நியாயமில்லை. அவர் தட்டில் விழும் உப்பை நாள் தவறாமல் கண்காணித்தவள், அடுப்படியில் நின்றபடியே தயிர்சோற்றுக்கு நார்த்தங்காய் ஊறுகாயை அள்ளி வைத்துக்கொள்வாள். அவர் வேண்டாம் என்று மிச்சம் வைத்த பஜ்ஜி வீணாகக் கூடாது என்று எங்கே போகும்? அவளுக்குள் போகும். அவர் குறட்டையைப் பற்றி ஊரெல்லாம் கவலைப்பட்டவள், பாதி ராத்திரி வரை போனில் சமையல் வீடியோ பார்த்துவிட்டு விடியற்காலை எழுந்திருப்பாள். வீட்டு வேலையே எக்சர்சைஸ் என்பது அவளுடைய சித்தாந்தம். போன மாதம் சல்லடை என்ற சொல் வாயில் வராமல், "அந்த ஓட்ட ஓட்டையா இருக்குமே" என்று கையால் காட்டினாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது தெரியாமல் வாசலில் நின்றாள். வேலை அதிகம், அதான் என்று சொல்லிக்கொண்டாள். அது வெறும் வேலையாகவே இருக்கலாம். நாற்பத்தேழு வயதில் சல்லடையைத் தொலைக்காதவர் யார்? ஆனால் அடுத்தவர் சல்லடையைத் தொலைத்திருந்தால் அவள் இவ்வளவு லேசாக விட்டிருக்க மாட்டாள்.

வீட்டு கேட்டைத் தாண்டியதும் நின்றாள். வெயிலில் நாற்காலி. அதில் கருப்புசாமி. பக்கத்தில் மணைமேல் உட்கார்ந்து வேலாமணி வெந்த தக்காளிக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருடமும் சுமலதா மணையைப் பார்த்துத்தான் பயந்தாள். நாற்காலியில் தன்னை உட்கார வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

இன்று தோன்றியது. தோன்றியதும் அடுத்த கேள்வி தானாக வந்தது. நாற்காலியில் நான் என்றால், மணையில் யார்?

"சுமா, துண்டு எங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

உள்ளே போனாள். தரணிதரன் சோபாவில் எண் கட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். துண்டை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு எதிரே நின்றாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். யோசிச்சு சொல்லுங்க. எனக்குப் புடிச்ச கொழம்பு எது?"

ஞாபகசக்திக்குச் சோதனை என்று நினைத்து அவர் குஷியாகப் பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார். கட்டபெட்டு முதல் கீழ் கோத்தகிரி வரை உள்ள நம்பர்களெல்லாம் அந்த மண்டைக்குள் வரிசையாக நின்றன. குழம்பு நிற்கவில்லை.

"நீ எல்லாந்தான் திம்ப."

"சரி. எனக்கு எது ஆகாது?"

"உனக்கென்ன ஆகாது? ஒண்ணுமில்லையே."

"கத்திரிக்கா தின்னா எனக்கு ஒடம்பு பூரா தடிச்சுப் போகும். கண்ணாலமாயி வந்ததுலருந்து, ஊட்டுல கத்திரிக்கா செஞ்ச அன்னிக்கெல்லாம் நான் மோர் ஊத்தித்தான் திங்கறேன்."

"அப்படியா?" என்றார் தரணிதரன். வெளியூர்ச் செய்தி கேட்பவரின் அக்கறை அதில் இருந்தது. "மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

இப்படிப்பட்டவரை நம்பி ஒருத்தி மறதிக்குள் போக முடியுமா? முதல் நாளே கத்திரிக்காய் ஊட்டுவார். உடம்பு தடித்தால் கீழ்க்காற்று பட்டுவிட்டது என்பார். வேலாமணி கருப்புசாமிக்காகத் தன் தலையில் சுமக்கிற அத்தனையும், சுமலதாவுக்காகச் சுமக்க இந்த வீட்டில் ஒரு தலை இல்லை. அவளுடைய ஞாபகம் இருக்கிற ஒரே இடம் அவள்தான். அது போனால் நகல் கிடையாது.

இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். எண் இறங்கவில்லை, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மலைமேலேயே, குளிரிலேயே, அடுப்படியில் நின்று அவள் விழுங்கினாள். ஊறுகாய் ஜாடி மேல்தட்டுக்குப் போனது. பஜ்ஜி மிச்சமானால் குப்பைக்குப் போகிறது. சாயங்காலம் தேயிலைச் சரிவை ஒட்டிய ரோட்டில் வேகமாக நடக்கிறாள். கரடி இதுவரை வழிமறிக்கவில்லை. அவளைக் கண்டால் ஓடிவிடும் என்றாரே, தரணிதரன் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கலாம்.

பந்தயம் என்னவாயிற்று என்கிறீர்களா? மிஷின் கோளாறு என்பதால் பந்தயம் செல்லாது. காலை டீயோடு அவருக்கும் ஒரு மாத்திரை வைக்கிறாள். சில நாள் உள்ளே போகிறது. சில நாள் டம்ளர் ஈரத்தில் கரைந்து கிடக்கிறது. முன்பு அதற்காக ஒரு மணி நேரம் சண்டை போடுவாள். இப்போது அந்த நேரத்துக்கு நடக்கப் போய்விடுகிறாள். பேக்கரியில் சித்தாந்தம் ஒரு புதிய கிளை விட்டிருக்கிறது.

"எங்கூட்டுக்காரிக்குப் பிரஷருங்க. என்ன பண்றது, அவ அன்னூர்ல பொறந்தவ. கீழ் ரத்தம்."

"நீங்களும் அன்னூர்தானுங்களே?" என்று டீ ஆற்றுகிறவர் கேட்டார்.

"நான் சின்ன வயசுலயே மேல வந்துட்டனப்பா," என்றார் தரணிதரன். பாண்டியன் தலையாட்டினார். நான்காவது வர்க்கி டீக்குள் இறங்கியது.

ஆக, இந்த இனத்தை அடையாளம் காண மப்ளரை மட்டும் நம்பாதீர்கள். அதைவிட உறுதியான ஓர் அடையாளம் உண்டு. இதைப் படித்துக்கொண்டே வரும்போது உங்கள் மனசில் ஒரு முகம் வந்து போயிருக்கும். மாமனார் முகம், மேனேஜர் முகம், பக்கத்து வீட்டுக்காரர் முகம். இதை அவருக்கு அனுப்பினால் நன்றாக இருக்குமே என்றுகூடத் தோன்றியிருக்கும். அனுப்புங்கள். அவரும் சிரித்துக்கொண்டே படிப்பார், கடைசியில் உங்கள் முகத்தை நினைப்பார்.

உங்கள் கையில் அந்தப் பட்டையைக் கடைசியாகச் சுற்றியது எப்போது? நினைவுக்கு வரவில்லையா?

வேலை அதிகம். அதுதான் காரணமாக இருக்கும்.